நீர் புகும் தார்ப்பாய்

செம்மொழி டீச்சர் சட்டமன்ற உறுப்பினராகி இரண்டரை வருடம் ஆகியும் சிவப்புப் பேனாவை விடவில்லை. சீர்காழிக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடம் தமிழ் நடத்திய கை அது. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சரி, கட்சி அறிக்கை வந்தாலும் சரி, ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒரு சுழி போட்ட பிறகுதான் விஷயத்துக்கே போவார். தொகுதிக்காரர்களில் பாதிப் பேர் அவரிடம் மனுவை எழுதிக் கொடுக்கப் பயந்து வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் பேனாதான் தை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், தஞ்சாவூர் விருந்தினர் மாளிகையில் வைத்து, அவர் குடும்பத்துக்குள்ளேயே ஒரு வம்பை இழுத்துக்கொண்டு வந்தது.

ஐப்பசி மழையில், கொள்முதல் நிலையங்களில் குவித்து வைத்திருந்த குறுவை நெல் நனைந்து முளைவிட்டுப் போயிருந்தது. மழை பெய்தால் நெல் நனையத்தான் செய்யும் என்று விட்டுவிட முடியவில்லை. அந்த வருடம்தான் நெல் பாதுகாப்பு வாரியம் புத்தம்புதுத் தார்ப்பாய்களை வாங்கி ஊர் ஊராக அனுப்பியிருந்தது. நீல நிறத்தில், பார்க்க அழகாகவே இருந்தன. அவற்றைப் போட்டு மூடிய குவியல்கள்தான் முளைவிட்டன. “மூடாம விட்ட குவியலு மறுநா வெயில்லயே காஞ்சிடுச்சுங்க, மூடினதுதான் உள்ளேயே முளைச்சுப் போச்சு” என்று ஒரு விவசாயி தொலைக்காட்சியில் சொன்னது பேரவை வரைக்கும் எதிரொலித்தது. அரசாங்க ஒப்பந்தங்கள் யாருக்கு எப்படிப் போயின என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிற ஒரு குழு உண்டு. அந்தக் குழு தஞ்சாவூருக்குப் புறப்பட்டு வந்தது. செம்மொழி அதில் ஓர் உறுப்பினர்.

கூட்டம் பதினொரு மணிக்கு. ஏழரைக்கே குழுவின் சார்புச் செயலாளர் ஷைலஜா, மூன்று ஒப்பந்தப்புள்ளிகளின் நகல்களை ஒரு பச்சைக் கோப்பில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டியிட்டவை மூன்று நிறுவனங்கள். ஜெயித்தது மும்மாரி ஏஜென்சீஸ்.

“தார்ப்பாய் விக்கிறவங்களுக்கு மும்மாரின்னு பேரா? நல்லாத்தான் வச்சிருக்காங்க” என்று காபியை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார் செம்மொழி. மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

‘எமது தார்ப்பாய்கள் நூறு சதவீதம் நீர் புகும் தன்மை கொண்டவை என இதன்மூலம் உறுதியளிக்கிறோம்.’

புகும் என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “நீர் புகா-ன்னு வரணும் ஷைலஜா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். டைப் அடிச்சவங்களுக்கு அது அரைகுறையா நிக்கிற மாதிரி தெரிஞ்சிருக்கும், முடிச்சு வச்சிட்டாங்க. ஆனா ஒண்ணு, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க.”

ஷைலஜா சிரித்தார். பேரவைச் செயலகத்தில் பன்னிரண்டு வருடமாகச் சிரிக்காமல் கோப்புத் தூக்கியவர் அவர்.

இரண்டாவது, பொன்னிவளம் எண்டர்பிரைசஸ். அதிலும் மூன்றாம் பக்கம், அதே வரி, அதே ‘நீர் புகும்’. வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்திருந்தால் டீச்சருக்கு என்ன தோன்றுமோ அது தோன்றியது. அவசரமாக மூன்றாவதை எடுத்தார். அங்கேயும் நீர் தாராளமாகப் புகுந்திருந்தது. இரண்டிலும் வட்டம் போட்டார்.

“பார்த்து எழுதியிருக்காங்க!” செம்மொழி மேஜையைத் தட்டிச் சிரித்தார். “மூணு பேரும் ஒரே பேப்பரைப் பார்த்து எழுதியிருக்காங்க! போட்டியாவது ஒண்ணாவது. ஒரே ஆள் மூணு வேஷம் கட்டியிருக்கான்.”

மூன்றாவது நிறுவனத்தின் பெயரைப் பார்க்க முதல் பக்கத்துக்குப் போனார். காளிராஜ் டிரேடர்ஸ், பூதலூர். உரிமையாளர்: காளியம்மாள். உரிமையாளருக்காகக் கையொப்பமிட்டவர்: இராஜாங்கம். கையெழுத்தின் கடைசி ‘ம்’மின் வால், தாளின் ஓரம் வரை நீண்டு போயிருந்தது.

அந்த வாலை அவருக்குத் தெரியும். போன வருடம் மகள் பரிதியின் கல்யாணப் பதிவேட்டில், மாப்பிள்ளையின் தகப்பனாராக அந்த வாலை இழுத்தவர் இராஜாங்கம். காளியம்மாள் அவர் மனைவி. செம்மொழிக்குச் சம்பந்தி வீட்டார்.

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

பரிதிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை பூதலூரில் வளைகாப்பு. இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

செம்மொழியின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். இராஜாங்கம் அரிசி மில்காரர். பிள்ளைகள் காதலித்தபோது, எதிர்த்து நிற்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, “பொண்ணு குடுக்க உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். நகை என்றோ சீர் என்றோ ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வாயாடி, பெருமைக்காரர், ஆனால் நல்ல மனுஷன். அவரைத்தான் இன்னும் மூன்று மணி நேரத்தில் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

“ஷைலஜா, குழு உறுப்பினருக்குச் சொந்த சம்பந்தம் இருந்தா விதி என்ன சொல்லுது?”

ஷைலஜா புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். “குடும்பத்தாருக்குத் தொடர்பு இருந்தா முன்கூட்டியே தெரிவிச்சிட்டு விலகியிருக்கணும் மேடம். குடும்பம்னா கணவன், மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க.”

“சம்பந்தி?”

“சம்பந்தி அதுல இல்ல மேடம்.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“இல்லவே இல்ல. நீங்க தாராளமா உட்காரலாம்.”

உட்காரலாம் என்ற சொல் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. அந்த இதம்தான் செம்மொழிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அதற்குள் போன் அடித்தது. கணவர் ரெத்தினம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கடைவீதியில் வளையல் வாங்க நின்றிருந்தார்.

“செம்மொழி, பச்சையும் சிவப்புமா எடுத்துட்டேன். மயில்கழுத்துக் கலரு ஒரு டஜன் சேர்க்கலாமா?”

“சேருங்க. இங்க ஒரு சிக்கல்” என்று விஷயத்தைச் சொன்னார் செம்மொழி.

மறுமுனையில் வளையல்களைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “ஏம்மா, உனக்கு வேற நாளே கிடைக்கலையா? நாளன்னிக்கு அந்த வீட்டு வாசல்ல சீர்த்தட்டோட நிக்கணும். நீ பாட்டுக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்துட்டு வாயேன். மத்தவங்க கேட்கட்டும்.”

“அதுதான் ஆகாது. சாதுவாக் கேட்டா சம்பந்தியைக் காப்பாத்துறேன்னு சொல்வாங்க. கடுமையாக் கேட்டா நடிக்கிறேன்னு சொல்வாங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டு நான் வாயைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு.”

“அப்ப என்ன பண்ணப் போற?”

பதில் சொல்வதற்குள் வராந்தாவில் ஒரு பழக்கப்பட்ட குரல் முழங்கியது. “எங்க எம்எல்ஏ சம்மந்தி எந்த ரூம்ல இருக்காங்க?”

இராஜாங்கம் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பாத்திரம். குழு அனுப்பிய அழைப்புக் கடிதத்தைச் சட்டைப் பையில், வெளியே தெரியும்படி சொருகியிருந்தார்.

“வணக்கம் சம்மந்தி! சர்க்கார் லெட்டர்னதும் என்ன ஏதுன்னு தெரியாமலே காளியம்மா பயந்துட்டா. நான் சொன்னேன், பயப்படாதடி, கமிட்டியில நம்ம சம்மந்தியே இருக்காங்கன்னு. இந்தாங்க, திருவையாத்து அசோகா அல்வா. வளைகாப்புக்கு இந்த ஆளையே போடச் சொல்லலாமான்னு ருசி பார்த்துச் சொல்லுங்க.”

பாத்திரத்தைத் திறந்ததும் நெய் வாசனை அறை முழுக்கப் பரவியது. செம்மொழி காலையில் சாப்பிட்டிருக்கவில்லை.

“அண்ணே, இன்னிக்கு நீங்க சாட்சி. நான் இதைத் தொடக்கூடாது.”

“அசோகாவைக்கூடவா?”

“ஷைலஜா, அவர் அசோகா கொண்டுவந்தார், உறுப்பினர் திருப்பிக் கொடுத்துட்டார்னு குறிச்சுக்குங்க.”

ஷைலஜா பேனாவை எடுத்தார். “அளவு எவ்வளவுங்க?”

“அரைக் கிலோ” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, இராஜாங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேடிக்கைக்குச் செய்கிறார்கள் என்று நினைத்தவர், ஷைலஜா நிஜமாகவே எழுதுவதைப் பார்த்ததும் பாத்திரத்தை மூடினார்.

“என்ன சம்மந்தி, ஒரு மாதிரியா இருக்கீங்க?”

“கூட்டம் முடியற வரைக்கும் நாம இதைப் பத்திப் பேசக்கூடாதுண்ணே. கோவிச்சுக்காதீங்க.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வந்த வேகம் போகும்போது இல்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கியதைச் செம்மொழி பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில்தான் பரிதி இருக்கிறாள்.

பதினொரு மணிக்குக் கூட்டரங்கு நிறைந்தது. குழுத் தலைவர் ரகுராமன் எதிர்க்கட்சிக்காரர், பழைய வக்கீல். கேள்வி கேட்பதில் கொள்ளை ஆசை உள்ளவர். கோப்புப் படிப்பதில் அவ்வளவு ஆசை இல்லாதவர். படிக்கிற வேலையை இரண்டரை வருடமாகச் செம்மொழி டீச்சரிடம் விட்டிருந்தார். எதிரே வாரியத்தின் கொள்முதல் அதிகாரி சாய்ராம், அடுக்கி வைத்த கோப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமுவதற்குள் செம்மொழி எழுந்தார்.

“தலைவர் அவர்களே, போட்டியிட்ட மூன்று நிறுவனங்களில் ஒன்று என் சம்பந்தி வீட்டாருடையது. விதியில் சம்பந்தி என்ற சொல் இல்லை. ஆனாலும் என் மகள் அந்த வீட்டு மருமகள். ஆகவே இந்த விசாரணை முடியும்வரை நான் விலகிக்கொள்கிறேன். இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.”

பக்கத்தில் இருந்த ஓர் உறுப்பினர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். ரகுராமனின் முகம், பாடம் படிக்காமல் வந்த பையனின் முகமாக ஆகிவிட்டது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “டீச்சர், நீங்க போயிட்டா நான் என்னத்தைக் கேட்பேன்?” என்று கிசுகிசுத்தார்.

“நான் கையெழுத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி போட்ட வட்டங்கள் கோப்புல இருக்கு. மூணாம் பக்கம். நீங்களே படிங்க சார், கேள்வி தானா வரும்.”

கோப்பை ஷைலஜாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கதவு பின்னால் மூடிக்கொண்டது. எல்லாரும் படபடவென்று கைதட்டுவார்கள் என்றெல்லாம் அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்துவார்கள் என்றும் நினைக்கவில்லை.

தாழ்வாரத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஒன்றில் இராஜாங்கம், மடியில் அசோகா.

“இடைவேளையா சம்மந்தி?”

“இல்லண்ணே. நான் விலகிட்டேன். நீங்க என் சம்பந்தின்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.”

“வெளிய வந்துட்டீங்களா!” இராஜாங்கத்தின் குரல் கீச்சிட்டது. “அப்ப உள்ள யாரு இருக்கா?”

“மத்தவங்க எல்லாரும்.”

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “சம்மந்தி, உண்மையில என்ன நடந்ததுன்னா...”

“வேணாம்! என்கிட்டச் சொல்லாதீங்க. சொன்னா, நான் திரும்பிப் போய் அதையும் சொல்லணும். வேற ஏதாவது பேசுவோம். வளைகாப்பைப் பத்திப் பேசுவோம்.”

“வளைகாப்பு...” இராஜாங்கம் சிரமப்பட்டு நினைவைத் திருப்பினார். “ஏழு வகை சாதம். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர்... சமையலுக்கு மூணு பேருகிட்ட விசாரிச்சோம்.”

“நல்லது. யாரு யாரு?”

“ஒருத்தரு காளியம்மாவோட அண்ணன். இன்னொருத்தரு அவரு மச்சினன். மூணாவது ஆளு அண்ணன்கிட்டயே வேலை பாக்குறவன். மூணு பேருல யாரு நல்லாச் சொல்றாங்களோ...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். செம்மொழி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முதலில் அவர் சிரித்தார், பிறகு இராஜாங்கமும் சிரித்தார். தாழ்வாரத்தில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் இராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். “நான் என் ஆயுசுல தார்ப்பாய் வித்ததில்ல சம்மந்தி.”

“அண்ணே...”

“இதுக்கு மேல சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ள போய் நெஜத்தைச் சொன்னா, பரிதிக்கு நான் எப்படிப்பட்ட மாமனாரா இருப்பேன்?”

“பொய் சொன்னா எப்படி இருப்பீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.”

கதவு திறந்தது. “மும்மாரியும் பொன்னிவளமும் உள்ள வந்தாச்சு, காளிராஜ் டிரேடர்ஸ்!” என்று கூப்பிட்டார்கள். இராஜாங்கம் எழுந்து, பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

முக்கால் மணி நேரம் ஓடியது. உள்ளே ஒரு முறை சிரிப்பு எழுந்தது. பிறகு ரகுராமனின் குரல் மட்டும் கணீரென்று ஏறி இறங்கியது. பிறகு ஏதோ கனமானதை இழுக்கும் சத்தம். திடீரென்று “ஐயோ, ஃபைலு, ஃபைலு!” என்று ஒரு கூச்சல். செம்மொழி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூடிய கதவின் அடியிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் வழிந்து தாழ்வாரத்துக்கு வந்தது. அலுவலக உதவியாளர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். “மாப்பு எங்கப்பா? மாப்பு!”

அவருக்குப் பின்னால் இராஜாங்கம் வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இப்பச் சொல்லலாமா சம்மந்தி?”

“உங்க சாட்சி முடிஞ்சிருச்சுல்ல, சொல்லுங்க.”

“உங்க தலைவரு மூணு பேரையும் எழுந்து நிக்க வச்சு, அந்த வரியைச் சத்தமாப் படிக்கச் சொன்னாரு. என் கையெழுத்துப் போட்ட தாளை நான் அப்பத்தான் முதல் தடவையாப் படிக்கிறேன்! ‘நீர் புகும் தார்ப்பாய் எந்தக் கடையில கிடைக்கும்?’னு கேட்டாரு. நான் உள்ளதைச் சொல்லிட்டேன். மும்மாரிக்காரரு எனக்குப் பழக்கம். மூணு பேரு போட்டாத்தான் டெண்டரைத் திறப்பாங்க, சும்மா ஒரு கையெழுத்துன்னு சொல்லி பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனாரு. பொன்னிவளம்ங்கிறது அவரோட கார் டிரைவரு. மூணையும் ஒரே பொண்ணு பத்து நிமிஷத்துல ஏத்திவிட்டுச்சு.”

“அந்த மும்மாரிக்காரர் யாரு?”

“அதாங்க விசேஷம். அதிகாரி சாய்ராம் இருக்காருல்ல, அவரு சம்சாரத்தோட தம்பி! ஏன்யா முன்கூட்டியே சொல்லலைன்னு தலைவரு கேட்டாரு. அவரு எழுந்து, ‘உறவு விவரப் படிவத்துல மைத்துனர்னு கட்டமே இல்லை சார்’ங்கிறாரு. தலைவரு விடுவாரா? ‘சம்பந்தின்னுகூடக் கட்டம் இல்லை. ஆனா ஒரு அம்மா எழுந்து சொல்லிட்டு, இப்ப வெளிய இரும்பு நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க’ன்னாரு. சாய்ராம் அப்படியே உட்கார்ந்துட்டாரு.”

“அந்தத் தண்ணி?”

“தார்ப்பாய் தரமானதுதான்னு அவரு சாதிச்சாரு. அந்தச் செயலாளரம்மா ஒண்ணை வரவழைச்சு, அவரு ஃபைலு மேலயே மூடி, ஒரு குடம் தண்ணியை ஊத்தினாங்க.” இராஜாங்கம் கையை விரித்தார். “தார்ப்பாய் ஒரு நிமிஷம்கூடத் தாங்கல. நான் ஃபைலைக் காப்பாத்தப் போயிதான் நனைஞ்சேன்.”

மதியம் ரகுராமன் வெளியே வந்தார். அன்றைக்கு முதல் தடவையாகக் கோப்பை முழுதும் படித்துவிட்டுக் கேள்வி கேட்டிருந்ததால் நடையிலேயே ஒரு மிதப்பு தெரிந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்யவும், சம்பா அறுவடைக்கு முன் வேறு தார்ப்பாய் வாங்கவும், அதிகாரி மேல் விசாரணை வைக்கவும் குழு பரிந்துரைக்கப் போவதாகச் சொன்னார். மூன்று நிறுவனங்களும் ஐந்து வருடம் அரசாங்க ஒப்பந்தம் எதிலும் கலந்துகொள்ளக் கூடாது. உறவுப் படிவத்தில் மைத்துனருக்கும் சம்பந்திக்கும் புதிதாகக் கட்டம் போட வேண்டும்.

“உண்மையைச் சொன்னாருங்கிறதுக்காக உங்க சம்பந்தியை விட்டுட முடியல டீச்சர்.”

“விடக்கூடாது சார்” என்றார் செம்மொழி.

மறுநாள் தஞ்சாவூர்ப் பதிப்புகளில் மூன்று நிறுவனங்களின் பெயரும், உரிமையாளர்களின் பெயரும் வந்தன. வெள்ளிக்கிழமை காலை பூதலூருக்குக் காரில் போகும்போது ரெத்தினம் சீர்த்தட்டுகளுக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்திருந்தார். சாலைக்கு இரண்டு பக்கமும் சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வாசலில் காளியம்மாள் நின்றிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“வாங்க சம்மந்தி” என்றார். செம்மொழியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பிடி இறுக்கமாக இருந்தது. பரிதி பட்டுப்புடவையில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். என்ன அர்த்தம் என்று செம்மொழிக்குப் புரியவில்லை.

வளையல் அடுக்கினார்கள், சந்தனம் பூசினார்கள், ஏழு வகை சாதமும் பரிமாறினார்கள். பரிமாறியது இராஜாங்கம், தனியாளாக. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க, இலைக்கு இலை குனிந்து எழுந்தார். மாப்பிள்ளை பிரபு உதவிக்குப் போனபோது, “அவரே போடட்டும்!” என்று காளியம்மாளின் குரல் வந்தது.

சாப்பாடு முடிந்ததும் காளியம்மாள் செம்மொழியை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்தார். செம்மொழி தயாராக வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தார். “சம்மந்தி, என்னால உங்க பேரு பேப்பர்ல...”

“அதேதான் நானும் கேக்கணும்னு இருந்தேன்” என்றார் காளியம்மாள். “எம் பேருல ஒரு கம்பெனி இருக்குன்னு எனக்கு நேத்துதான் தெரியும். பேப்பர்ல பார்த்துட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்து ‘முதலாளியம்மா’ங்கிறா! இருபத்தொம்பது வருஷமா அந்த மனுஷன் நீட்டுன இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னன்னு ஒரு நாளு கேட்டதில்ல.” கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தார். முட்ட முட்டக் காகிதங்கள். “நீங்க படிச்சவங்க. எம் பேருல வேற என்னென்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

செம்மொழி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். மோட்டார் செட் இணைப்பு ஒன்று. எப்போதோ விற்றுவிட்ட டிராக்டர் ஒன்று. பிறகு முத்திரைத்தாளில் ஒரு பத்திரம் வந்தது. அதை இரண்டு தடவை படித்தார்.

“சம்மந்தி, அரிசி மில்லு உங்க பேருலதான் இருக்கு.”

“பாதியா?”

“முழுசும்.”

வாசற்படியில் நிழல் ஆடியது. இராஜாங்கம் ஒரு கையில் பாயச வாளியோடு நின்றுகொண்டிருந்தார். “அது வந்து, வரி விஷயமா, ஆடிட்டர் சொன்னாருன்னு...”

காளியம்மாள் புடவைத் தலைப்பை உதறிச் சொருகிக்கொண்டு எழுந்தார். கோபம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. “நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு மில்லைத் தொறக்குறாங்க?”

“எட்டுக்கு.”

“நான் வரேன். சாவியைக் குடுங்க.”

இராஜாங்கம் செம்மொழியைப் பார்த்தார். செம்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார். இராஜாங்கம் வாளியைக் கீழே வைத்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மனைவியின் கையில் கொடுத்தார்.

“ஆபீஸ் ரூம் சாவி கொஞ்சம் இறுகும் காளி. பாத்துத் திருப்பு” என்றார்.